வன்னிப் பயணம்: கதவருகே தொங்கிய பை

3 செப்டம்பர் 2024, செவ்வாய் – யாழ்ப்பாணம்

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தீர்த்தத் திருவிழா நேற்றுத்தான் முடிந்தது என்பது வந்து இறங்கிய பிறகே தெரிந்தது. முன்னாடியே தெரிந்திருந்தால் ஒரு வாரம் தள்ளி வந்திருப்பேன். டொரன்டோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் திருவிழாவுக்கு வந்தவர்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை. நான் பதிந்து வைத்திருந்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, “ஒரு பிழை நடந்திட்டுது அக்கா” என்று சிரித்தான் அங்கிருந்த பையன். கோபப்பட முடியாத சிரிப்பு. அவனே மாமாவுக்குப் போன் போட்டு, திருநெல்வேலியில் ஒரு வீட்டு மேல்மாடி அறையைப் பிடித்துக் கொடுத்தான். (இங்கேயும் ஒரு திருநெல்வேலி உண்டு. அல்வா கிடையாது.) இரவுக்கு 4,500 ரூபாய். நம் இந்தியப் பணத்துக்கு நாலால் வகுத்துக்கொள் என்று ஊரில் சொல்லி அனுப்பினார்கள். உண்மையில் மூன்றரையால்தான் வகுக்க வேண்டும்.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். தெருவே அவரை மாஸ்ரர் என்கிறது. வந்ததும் தேநீர் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு நான் விழித்ததைப் பார்த்து, “உப்பு நான் போடேல்லை பிள்ளை, கிணறு போட்டது” என்றார்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. தரைக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மாரி மழை அதற்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர் மேல் ஒரு மெத்தை மாதிரி மிதக்கிறது. மேலே இருக்கும் நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருப்பது ஏறி வந்துவிடும். இதைப் படித்திருக்கிறேன். நாக்கில் பட்டது இன்றைக்குத்தான்.

1990களில், போர்க்காலத்தில் அரசு போட்ட பொருளாதாரத் தடையில் பெட்ரோல், டீசல், உரம், பாட்டரி எதுவுமே இங்கே வரவில்லை. ஊசிமருந்துக் குழாயால் நாலு சொட்டுப் பெட்ரோலைத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்குள் பீய்ச்சிக் கிளப்பி, அப்புறம் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்களாம். அதுவும் கிடைக்காதவர்கள் பழைய துலாவுக்கே, அதாவது நம் ஏற்றத்துக்கே, திரும்பினார்கள். “அந்தக் காலத்தில எங்கட கிணறு கொஞ்சம் மூச்சு விட்டுது. அதுக்காக யுத்தம் நல்லது எண்டு எழுதிப்போடாதையுங்கோ” என்றார் மாஸ்ரர். 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாண நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள வலிகாமத்திலும் இருந்த மக்களில் பெரும்பாலோர் ஒரே இரவில் வெளியேறியதையும் அவரே சொன்னார். குளம் தூர்வார ஆளில்லை. கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கக் கட்டிய தொண்டைமானாறு தடுப்பணையின் கதவுகள் பராமரிப்பு இல்லாமல் பழுதாக, உவர் ஏறிப் பல வயல்கள் கெட்டன. ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி வாய்க்கால் வழியே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் கொண்டுவரும் திட்டம் ஒன்று இருந்தது. பொறியாளர் ஆறுமுகம் 1954ல் முன்வைத்தது. பாதி வேலை நடந்தது, பாதி நின்றது.

இரவுக்குப் புட்டும் கணவாய்க் கறியும். அந்த உறைப்புக்கு உப்புத் தேநீர் எவ்வளவோ தேவலை.

4 செப்டம்பர், புதன் – ஏ9 வீதி

கிளிநொச்சி பஸ்ஸில் முன் இருக்கை காலியாக இருந்தது. ஆகா என்று உட்கார்ந்தேன். கொடிகாமம் தாண்டி ஒரு பிக்கு ஏறியதும் பஸ்ஸே என்னைப் பார்த்தது. தலைக்கு மேல் ‘மதகுருமாருக்கு’ என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நடத்துனர் ஒரு வார்த்தை சொல்லாமல் என் பையை மட்டும் வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

நின்றபடி வந்ததால் முகமாலை நன்றாகத் தெரிந்தது. 2006 ஆகஸ்டில் இந்தச் சாலை மூடப்பட்டது இங்கேதான். இரு தரப்பின் முன்னரங்கும் இந்த மண்ணில் வருடக்கணக்கில் நேருக்கு நேர் நின்றன. அவ்வளவு நாள் புதைத்த மிதிவெடியை இன்னும் எடுத்துத் தீரவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால், முகக்கவசம் போட்ட பெண்கள் குந்தி உட்கார்ந்து, களை எடுக்கிற மாதிரி ஒவ்வொரு சாணாக மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். காலை பத்தரை வெயில். கச்சான் என்கிற மேல்காற்று புழுதியைத் தூக்கி முகத்தில் அடித்தது.

ஆங்காங்கே பனைகள் தலை இல்லாமல் நின்றன. செல் (பீரங்கிக் குண்டு) அடித்தவை நிற்பதாவது தெரிகிறது. பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) வெட்டிப் போனவற்றுக்கு அடையாளமே இல்லை. செல் வந்தாலும் தாங்கும் என்று பங்கருக்கு மேலே அடுக்கப் பனங்குற்றிதான் தேடினார்கள், ஆமியும் இயக்கமும் (இராணுவமும் புலிகளும்). நட்ட பனை காய்க்கப் பன்னிரண்டு வருடமாவது ஆகும், பதினைந்து இருபதும் ஆகலாம். காற்றை மறிக்கும், கரை மணலைப் பிடித்து வைக்கும், வேலிக்கும் கூரைக்கும் ஓலை தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிழங்கைக் காயவைத்து ஒடியலாக்கினால் மழை தப்பிய வருடத்துக்கு அதுதான் சோறு. பானையில் கிடக்கும், கெடாது. ஈரான்–ஈராக் போரில் ஷத் அல்-அராப் ஆற்றங்கரையில் பேரீச்சந்தோப்புகள் அழிந்ததைப் பற்றி எப்போதோ வாசித்தபோது பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனேன். பேரீச்சை எனக்குப் பழக்கமில்லாத மரம், அதனால் இருக்கலாம்.

கிளிநொச்சியில் கொத்து ரொட்டி 700 ரூபாய். இரண்டு பேருக்குப் போதும், நான் ஒருத்தியே சாப்பிட்டேன்.

5 செப்டம்பர், வியாழன் – இரணைமடு

ஆட்டோக்காரர் எந்த ஊர் என்றார். மன்னார்குடி என்றேன். “மன்னாருக்குக் கிட்டவோ?” கடலுக்கு அந்தப் பக்கம் என்று விளக்குவதற்குள் குளக்கட்டு வந்துவிட்டது. போக வர 1,200.

குளம் என்கிறார்கள், நம் பக்கம் இதை ஏரி என்றால்கூடப் போதாது. வட மாகாணத்திலேயே பெரியது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டு முடிந்த நேரம். கரையிலிருந்து தண்ணீர் விளிம்பு வரை மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

குளக்கட்டின் மேல் குடையோடு நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் தாமாகவே பேச்சுக் கொடுத்தார். நீர்ப்பாசனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டெல்டாக்காரி என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்த அரை மணி நேரம் இருவரும் சொல் மாற்றிக்கொண்டோம். நம் மதகு இங்கே துருசு. கலிங்கு இங்கே வான். குளம் நிரம்பி வழிந்தால் ‘வான் பாயுது’. குறுவைக்கு இங்கே சிறுபோகம், சம்பாவுக்குக் காலபோகம். தண்ணீர் குறைந்த வருடம் சிறுபோகத்துக்கு எவ்வளவு நிலம் செய்யலாம் என்று கூட்டம் போட்டு முடிவெடுத்து, அதைப் பங்கு பிரிக்கிறார்கள். கடைமடைக்காரியான எனக்குக் காது குளிர்ந்தது. எங்கள் பங்கைக் கேட்கக் கர்நாடகா வரை போக வேண்டும்.

சட்டைப் பையிலிருந்து பெரியவர் ஒரு சின்ன நோட்டை எடுத்தார். வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்துத் தினமும் எழுதுகிறாராம். இன்றைய தேதிக்கு நேரே 0, நேற்று 0, முந்தாநாள் 0. பக்கம் முழுக்க ஒரே கையெழுத்தில் பூஜ்யம். எதற்கு என்று கேட்டேன்.

“இப்ப எழுதாட்டி முந்தின மாதிரித்தான். இடம்பெயரேக்க ஒவ்வொரு தரமும் கணக்குப் புத்தகங்களை உழவு மெசினில ஏத்திக்கொண்டுதான் போனனாங்கள். கடைசித் தரம் ஏத்த ஏலேல்லை. ஆக்களை ஏத்தினம். மழை பெய்ததுதான், எழுத ஆளில்லை.”

ஒரு வானை எவ்வளவு அகலமாகக் கட்டலாம், கதவை எந்த மட்டத்தில் திறக்கலாம் என்பதற்கெல்லாம் பொறியாளருக்குப் பழைய மழைக் கணக்குத்தான் ஆதாரம். முப்பது நாற்பது வருடம் தொடர்ச்சியாக இருந்தால்தான் எது வழக்கமான மாரி, எது புதிது என்று சொல்ல முடியும். இவர் புத்தகத்தில் அந்த இடம் ஓட்டை. மழையோ இப்போது மூன்று மாதமாகப் பெய்ய வேண்டியதை மூன்று நாளில் கொட்டக் கற்றுக்கொண்டுவிட்டது.

2018 டிசம்பர் 21 இரவு அப்படித்தான் கொட்டியது. குளத்தைத் திருத்தி, 34 அடியாக இருந்ததை 36 அடிக்கு உயர்த்தி முடித்த கையோடு வந்த பெருமாரி. கதவுகளைத் திறந்தார்கள், கீழே ஊர்கள் மூழ்கின. கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டமும் தவித்தன. எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. பெரியவர் யார் பக்கமும் சாயவில்லை. “கட்டுக்கு மேல நிண்டு தண்ணியின்ர நிறத்தைப் பாத்தே சொல்லுற ஆக்கள் இருந்தவை. அவையில கனபேர் இப்ப லண்டனில. மிச்சம் பேர்…” என்று கிழக்கே கையைக் காட்டினார்.

பெரிய குளத்தைவிடச் சின்னக் குளங்கள்தான் அவருக்குக் கவலை. ஒன்று நிரம்பி வழியும் நீர் அடுத்ததற்குப் போகிற மாதிரி சங்கிலியாக வெட்டியவை. ஊர் காலியாகக் கிடந்த வருடங்களில் குளக்கட்டின் மேல் மரம் முளைத்தது, கறையான் புற்று வைத்தது. மரம் பட்டுப்போய் வேர் உக்கினால் அது விட்டுப் போகும் துளைதான் தண்ணீருக்கு வழி. மேலே ஒன்று உடைந்தால் கீழே இருப்பது மொத்தத்தையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டும்.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுபோகும் திட்டத்தைப் பற்றியும் கேட்டுவைத்தேன். சிறுபோகம் போய்விடும் என்று இங்குள்ள விவசாயிகள் மறித்தார்கள். கடைசியில் போன மாதம்தான் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தது, ஒரு நாளுக்கு 24,000 கன மீட்டர். “ஒரே சனம், ஒரே அழிவு. ஆனா தண்ணி எண்டு வந்தா வேலி எங்க எண்டு தெரியும்” என்று சிரித்தார். காவிரிக்காரி நான் என்ன சொல்ல?

6 செப்டம்பர், வெள்ளி – விசுவமடு பக்கம்

மாஸ்ரர் சொல்லிவிட்டிருந்த ஒரு அக்காவின் வீடு. பெயர் போடாதே என்று கேட்டுக்கொண்டார். ஐம்பது தாண்டியவர். கணவர் 2009ல் காணாமல் போனவர். ‘செத்தவர்’ என்று யாராவது சொன்னால் திருத்துகிறார். மகன் வெளிநாடு போக முயன்று ஏமாந்து இப்போது கொழும்பில் ஓட்டல் வேலை. வீட்டில் அக்காவும் மகளும்.

பகல் சாப்பாடு குளத்து மீன் குழம்பு, முருங்கையிலை வறை, குத்தரிசிச் சோறு. நான் போதும் என்ற பிறகும் ஒரு அகப்பை விழுந்தது. பணம் நீட்டியதற்கு அவர் முகம் மாறிய விதத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அதைத் திருப்பி மடித்து வைக்க எனக்குப் பத்து விநாடி ஆனது. அதுவே நீளம்.

இவர்கள் வயலுக்கு மேலே கல்மடுக்குளம். 2009 ஜனவரியில் அதன் கட்டு உடைந்து தண்ணீர் புரண்டது. முன்னேறி வரும் படையை மறிக்கப் புலிகள் தகர்த்ததாக இராணுவம் அறிவித்தது. அக்கா அதற்குள் கிழக்கே ஓடிவிட்டார். அப்புறம் முள்ளிவாய்க்கால், அப்புறம் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். அந்த ஆகஸ்டில் அங்கே மழை. கூடாரத்துக்குள் முழங்கால் தண்ணீர், மலக்குழியும் சேர்ந்து பொங்கியது. “குடிக்கத் தண்ணிக்கு வரிசை, நிக்கிறது தண்ணிக்குள்ள” என்றார். சொல்லும்போது சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது வயலில் மணல் ஏறிக் கிடந்தது. வரம்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை.

கதவு நிலைக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பை தொங்கியது. கறுப்புப் பொலித்தீன் பை, அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று, மூன்றுக்கும் தனித்தனி முடிச்சு. “இது ஓடுற பை” என்று மகள்தான் சொன்னாள். அக்கா அவிழ்த்துக் காட்டினார். பிறப்புப் பத்திரங்கள். வங்கிப் புத்தகம். ஓரம் கரைந்த தடுப்பூசி அட்டை. கணவரின் படம், பிளாஸ்டிக் உறை போட்டது. அவரைத் தேடிக் கொடுத்த முறைப்பாடுகளின் சிட்டைகள், ரப்பர் வளையம் போட்டு ஒரு கட்டு. செல் அடிக்கும் காலத்தில் பங்கருக்கு எடுத்துப் போன அதே பழக்கம். 2018 வெள்ளத்தன்று இரவும் இதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாராம். மாரி தொடங்கினால் கைக்கு எட்டுகிற ஆணிக்கு வந்துவிடும். இப்போதே வந்துவிட்டது.

அந்தப் பையில் இல்லாதது காணிப் பெமிட். வயலுக்கான அனுமதிப்பத்திரம் இடப்பெயர்வில் எங்கேயோ போய்விட்டது. கிராம சேவையாளர் கொடுத்த ஒரு கடிதம் மட்டும் இருக்கிறது. வங்கிக்குப் போனால் பெமிட் கேட்கிறார்கள். பயிர் அழிந்து நட்டஈடு கேட்டால் அங்கேயும் பெமிட். அதனால் பெமிட் கேட்காதவர்களிடம் போனார். வாசலுக்கு வந்து கொடுத்து, வாசலுக்கு வந்து வாங்கிப்போகும் நுண்கடன். இப்படி மூன்று கடன். கிழமைக்கு ஒரு தரம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மகள் பின்பக்கம் போய்விடுவாளாம்.

எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். 2016ல் மாரி பொய்த்தபோது என்றார்.

அது எனக்கு நன்றாக நினைவிருக்கிற வருடம். 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டிலும் அப்படித்தான் பொய்த்தது, நூறு வருடத்துக்கு மேல் காணாத பொய்ப்பு. கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே மேகம்தான் வராமல் போனது. எங்கள் பக்கம் அந்த வருடம் உயிர்கள் போயின, மறந்துவிட்டுப் பேசவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவுதான்: அம்மாவின் இரட்டை வடம் கூட்டுறவு வங்கிக்குப் போனது. பட்டா இருந்ததால் நிவாரணமும் கொஞ்சம் வந்தது. திருப்பூரில் இருந்த சித்தப்பா மாதம் ஐயாயிரம் போட்டார். இரண்டு வருடத்தில் சங்கிலி கழுத்துக்குத் திரும்பிவிட்டது.

அக்காவிடம் நகை எதுவும் வைக்கவில்லையா என்று கேட்டேன், முட்டாள்தனமாக. “தாலிக்கொடி முள்ளிவாய்க்காலிலேயே அரிசியாப் போச்சு பிள்ளை” என்றார்.

2018ல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. மூன்றில் ஒன்று தீர்ந்ததாம். மற்ற இரண்டையும் கட்ட, அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு நாலாவது ஒன்று வாங்கினார்.

எழுதி முடிக்கும்போது மணி பதினொன்று. மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை.

7 செப்டம்பர், சனி – முல்லைத்தீவு

வட்டுவாகல் பாலத்தில் நடந்தேன். ஒற்றை வண்டி அகலம், ஓரம் இடிந்து கம்பி தெரிகிறது. ஒரு பக்கம் நந்திக்கடல், ஒரு பக்கம் பெருங்கடல். 2009 மே மாதம், போர் முடிகிற நாட்களில், முள்ளிவாய்க்காலில் சிக்கியிருந்தவர்கள் பலரும் இதன் வழியாகத்தான் வெளியே வந்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு வாய் வரவில்லை.

பாலம் தாண்டி மணலில் இறங்கியதும் செருப்பு வார் அறுந்தது. நண்பகல் மணல். காவலில் நின்ற சிப்பாய், இருபது வயதுதான் இருக்கும், “நிழல், நிழல்” என்று தனக்குத் தெரிந்த தமிழில் கொட்டகையைக் காட்டி ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்தான். வாங்கிக் குடித்தேன். முகாம் நிற்கிற காணி தங்களுடையது என்று கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்களைப் பற்றி ஆட்டோக்காரர் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. புது ரப்பர் செருப்பு 950 ரூபாய்.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் என் பேச்சைக் கேட்டதும், “இந்தியாவோ? உங்கட இழுவைப்படகுகளும் வந்து போகுது” என்றார், தலை நிமிராமல். மன்னிப்புக் கேட்டால் நாடகமாக இருக்கும், சும்மா இருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். 2004 சுனாமியில் ஒரு வீடு. அதற்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு யுத்தத்தில். இப்போது இருப்பது மூன்றாவது, 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது கூரைத் தகரம் இரண்டு பறந்தது. “அது கணக்கில இல்லை” என்றார். கரை உள்ளே வந்துகொண்டிருக்கிறது, மீன்பாடு குறைகிறது. ஆழத்துக்குப் போகப் பெரிய படகு வேண்டும், முதல் இல்லை. பழைய படகு 2009ல் இந்தக் கரையில்தான் எரிந்தது.

இன்று பிள்ளையார் சதுர்த்தி. சந்தியில் சின்னக் கோயிலில் நின்ற அம்மா என்னைக் கூப்பிட்டு இரண்டு மோதகம் கொடுத்தார். எங்கள் வீட்டுப் பூரணத்தைவிடப் பயறு அதிகம், இனிப்புக் குறைவு. நன்றாக இருந்தது. மூன்றாவதையும் வாங்கிக்கொண்டேன்.

8 செப்டம்பர், ஞாயிறு – மறுபடி யாழ்ப்பாணம்

வயிறு சரியில்லை. மோதகத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை, பரந்தனில் குடித்த மோராக இருக்கட்டும்.

மாஸ்ரர் வாசலில் நின்றார். முள்ளிவாய்க்கால் போனாயா, முல்லைத்தீவில் யாரைப் பார்த்தாய் என்றெல்லாம் கேட்பார் என்று பதில் தயார் செய்துகொண்டு வந்தேன். அவர் என் பையை வாங்கிக்கொண்டே கேட்டார்:

“அங்கால மழை இருட்டு ஏதும் கண்டனீங்களோ?”

இல்லை என்றேன். “இன்னும் ஒரு மாசம் இருக்குத்தானே” என்று தனக்கே சொல்லிக்கொண்டு, எனக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கக் கிணற்றடிக்குப் போனார். பாதி வழியில் நின்று, “உங்களுக்குச் சர்க்கரை மட்டும் போட்டாக் காணும்” என்றார்.